அந்த ஒரு வரியை எழுதியது நான்

தணிகா,

நீ ரயிலேறி ஐந்து நாள் ஆகிறது. ரூம் கிடைத்துவிட்டது, ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் இந்தி பேசுகிறார்கள், மத்தியானச் சாப்பாட்டில் ரசம் என்ற பேச்சே இல்லை என்று நீ ஃபோனில் சொன்னதையெல்லாம் உன் அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். நான் கடையில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியான நேரம். ஹால் டிக்கெட் எடுக்க வந்த ஒரு பெண்ணைத் தவிர யாரும் இல்லை. இதை ஃபோனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். நீ "இன்னா நைனா" என்று எடுத்ததும், சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். எழுத ஆரம்பித்தால் என்னால் பாதியில் நிறுத்த முடியாது. அது தொழில் கொடுத்த பழக்கம்.

அரக்கோணம் ஸ்டேஷனில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன்னை அனுப்பிவைக்க உன்னோடு எம்.சி.ஏ. படித்த சரவணன் வந்திருந்தான். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. அவன் உன் தோளில் தட்டி, "இன்னா மச்சி, பூனாவுல போயாவது ப்ரொஃபைல்ல உண்மையப் போடு. அன்னிக்கு மாதிரி டுபாக்கூர் கம்பெனி பேரு போட்டு மாட்டிக்காத" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நீயும் சிரித்தாய். "ஆங், அப்ப புத்தி கெட்டுப் போயிருந்துச்சுடா" என்றாய். நான் ஒரு முழம் தள்ளி உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். பிறகு ரயில் வந்தது, கூட்டத்தில் பெட்டியை ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

புத்தி கெட்டுப் போனது உனக்கு இல்லை. அந்த வரியை எழுதியது நான். இரண்டரை வருடமாக இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. நானும் சொல்லவில்லை. நீ சொல்லாததற்கும் நான் சொல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே, இந்த இடத்தில் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பு, எட்டு டைப்ரைட்டர்களோடு நான் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் சத்தத்திலேயே பெஞ்சுக்கடியில் தூங்குவாய். லோயர், ஹையர் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளைவிட, பயோடேட்டா அடித்துக்கொள்ள வருகிறவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருத்தன் வந்தான். பஸ் ஸ்டாப்பில் அண்ணனோடு சோடாக் கடையில் நின்றுகொண்டிருந்தவன். அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எழுத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை என்று விழித்தான். நான் அவனைக் கேட்காமலேயே "ஸ்டோர்ஸ் பிரிவில் இரண்டு வருட அனுபவம்" என்று ஒரு வரி சேர்த்து அடித்தேன். அவனுக்கு வேலை கிடைத்தது. பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து, "நீங்க அடிச்ச கை ராசிங்க" என்றான். அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு எத்தனை வருட அனுபவத்தை நான் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. காகிதத்தில் இடது பக்கம் மார்ஜின் விடுவது மாதிரி, அதுவும் வேலைத் திறமையில் சேர்ந்தது என்றிருந்தேன். அனுப்பிய காகிதம் ஒருநாளும் திரும்பி வந்து என்னைக் கேள்வி கேட்டதில்லை.

டைப்ரைட்டர்கள் போய் கம்ப்யூட்டர்கள் வந்தன, இன்ஸ்டிட்யூட் ப்ரவுசிங் சென்டர் ஆனது. பிளைவுட் அடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு வைத்தோம். உன்னோடு படித்த பையன்களெல்லாம் அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஃபோட்டோ அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில், நீ மட்டும் மூலையில் இருந்த மெஷினில் வேறு ஒன்றைத் திறந்து வைத்திருப்பாய். வேலையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதற்கென்றே இருக்கும் தளம் என்று எனக்கு விளக்கினாய். "நம்ம காலேஜுக்கு எந்தக் கம்பெனியும் வராது நைனா. நாமதான் போயி கதவத் தட்டணும்" என்றாய். உன் காலேஜில் கடைசி செமஸ்டர் ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். சீனியர்கள் எல்லாம் சென்னையில் ரெடிமேடாக விற்கிற ப்ராஜெக்டை வாங்கி அட்டை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், நான் அப்படிச் செய்யமாட்டேன், நிஜமான இடத்தில் நிஜமான வேலை பார்க்க வேண்டும் என்றாய்.

நீ அதை எப்படிச் செய்தாய் என்று நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்டவனுக்கெல்லாம் கோரிக்கை அனுப்பமாட்டாய். ஒரு ஆளைக் கண்டுபிடித்தால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று இரண்டு நாள் படிப்பாய். பிறகு வேலை கேட்காமல், அவர் வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பாய். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருத்தர் பதில் போடுவார். பதில் வராதவர்களைப் பற்றி நீ குறைப்பட்டதே இல்லை. "அவுங்களுக்கு வேல இருக்கும் நைனா" என்பாய். அப்படித்தான் பாஸ்கரன் சார் கிடைத்தார். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் டீம் லீடர். உன் ஊர் திருத்தணி என்று பார்த்ததும், தான் பக்கத்தில் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் என்று எழுதினார். அன்றைக்கு நீ வீட்டுக்கு ஓடிவந்து சமையல்கட்டில் நின்றுகொண்டு அந்த மெயிலை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாய். பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த அவளுக்கு இன்டர்நெட்டும் புரியவில்லை, டீம் லீடரும் புரியவில்லை. "மூஞ்சி தெரியாத ஆளு நம்ம புள்ளைக்கு எதுக்குடா எழுதறாரு?" என்று கேட்டாள். நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் கேட்டேம்மா, அவரு சொல்றாரு. அவ்ளோதான்."

நாலைந்து மாதம் அவர் உனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். எதைப் படிக்க வேண்டும், எதைப் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது, சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதி அனுப்பு என்று. நீயும் செய்து அனுப்பினாய். பிறகு ஒருநாள் எழுதினார்: தன் டீமில் இரண்டு மாணவர்களை ப்ராஜெக்டுக்கு எடுக்கப் போவதாகவும், நன்றாகச் செய்தால் அங்கேயே வேலையாகவும் ஆகலாம் என்றும், ஏற்கெனவே எங்காவது கொஞ்சம் வேலை பார்த்த பழக்கம் இருந்தால் மேலிடத்தில் பேசுவதற்கு வசதியாக இருக்கும் என்றும். நீ அதற்குப் பதில் எழுத இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாய். கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதை அனுபவம் என்று சொல்லலாமா என்று என்னைக் கேட்டாய். நான் சிரித்தேன். "ப்ரவுசிங் சென்டரையெல்லாம் எழுதினா மதிப்பானாடா?" என்றேன். அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதிலால்தான் எல்லாம் கெட்டது.

மறுநாள் நீ காலேஜுக்குப் போன பிறகு மூலை மெஷினில் உட்கார்ந்தேன். நீ ப்ரொஃபைலை மூடாமல் போயிருந்தாய். நம் கடையில் உனக்கு யாரிடம் பயம்? நம் கடைப் பெயரோடு "சொல்யூஷன்ஸ்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். "சாஃப்ட்வேர் டிரெய்னி, ஒரு வருடம், பகுதி நேரம்" என்று அடித்தேன். கீழே ஒரு ஃபோன் நம்பர் கேட்டது. கடையின் லேண்ட்லைன் நம்பரைப் போட்டேன். மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். கனகம்மாசத்திரத்துக்காரனுக்குச் செய்ததை என் சொந்தப் பிள்ளைக்குச் செய்யாவிட்டால் எப்படி என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

சாயங்காலம் நீ வந்து பார்த்தபோது உன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். "நைனா, இன்னா பண்ணிகிற நீ?" என்றாய். சத்தம் போடவில்லை. உடனே அழிக்கப் போனாய். அதற்குள் பாஸ்கரன் சாரிடமிருந்து செய்தி வந்துகிடந்தது. "படித்துக்கொண்டே வேலையும் பார்க்கிறாயா? இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? நல்லது, நான் பேசிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். உன் கை மவுஸ் மேலேயே நின்றது. நான்தான் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவ உட்றா. வேலைக்கு உள்ள போய்ட்டா யாரு கேக்கப் போறான்? இப்ப அழிச்சா அவருக்கு இன்னான்னு சொல்வே?" என்றேன். நீ என்னோடு வாதாடவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து லேண்ட்லைன் அடித்தது. எடுத்தேன். இங்கிலீஷில் ஒரு குரல் நம் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டது. வைத்துவிட்டிருக்கலாம், ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். "ஸ்பீக்கிங்" என்றேன். பிஸினஸ் லெட்டர்களில் அடித்து அடித்து மனப்பாடமாகிப் போன இங்கிலீஷ் வாக்கியங்களெல்லாம் எனக்கு அன்றைக்குக் கைகொடுத்தன. வெரி சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங் என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். சொன்னதில் பாதி நிஜம் என்பதால் எனக்குக் குரல் நடுங்கவே இல்லை. ஆடி முடிந்ததும் உனக்கு இண்டர்வியூ என்று தேதி சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை நீ எப்படிக் கழித்தாய் என்று இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன். அந்தத் தளத்தில் ஒருவர் ஒன்றை மாற்றினால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதுவே போய்ச் சொல்லுமாமே, எனக்கு அது தெரியாது. உன் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராக உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க கம்பெனில எனக்கும் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக் குட்றா" என்று சரவணனே கடைக்கு வந்து கேட்டான். உன் லெக்சரர் வாழ்த்துச் சொல்லி, வகுப்பில் எழுந்து நின்று அனுபவத்தைச் சொல்லச் சொன்னாராம். நீ மூலை மெஷின் பக்கமே போகாமலானாய். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாய். உன் அம்மா, "புள்ள மூஞ்சே சரியில்லங்க. யாருக்கோ பயந்துகினு கீறான்" என்றாள். பரீட்சை டென்ஷன் என்றேன். ஊர் சின்னது, கடை அதைவிடச் சின்னது. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, வெளியே போக வழி தெரியாமல் இருந்தோம். உள்ளே தள்ளியவன் நான் என்பதுதான் வித்தியாசம்.

அப்போதுதான் பாஸ்கரன் சாருடைய மெயில் வந்தது. மகளுக்கு முடியிறக்க ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறேன், அப்படியே உன் கம்பெனியையும் பார்த்துவிட்டுப் போகிறேன், நம் பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்திருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று எழுதியிருந்தார். நீ அதை எனக்குப் படித்துக் காட்டியபோது உன் குரலில் ஒன்றுமே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? அரக்கோணத்துக்குப் போய், "சொல்யூஷன்ஸ்" என்று போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு அடித்துக்கொண்டு வந்தேன். மாடியை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கி, நான்கு கம்ப்யூட்டரை மேலே ஏற்றி... அப்படியெல்லாம் என் புத்தி ஓடியது. அன்றைக்குத்தான் நீ முதல்முறையாக எதிர்த்துப் பேசினாய். "அந்த போர்டு மேல ஏறுச்சுன்னா நான் ஊட்ட உட்டுப் போய்டுவேன் நைனா. அவரு மலையிலிருந்து எறங்கும்போது கீழயே நிறுத்தி எல்லாத்தயும் சொல்லிடறேன்." போர்டு சுருட்டினபடி யூ.பி.எஸ்ஸுக்குப் பின்னால் கிடந்தது.

கிருத்திகை அன்று நம் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திராப் பக்கமிருந்து லாரி லாரியாக வந்து இறங்கிய கூட்டம். புஷ்பக் காவடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. நீ விடியற்காலையிலேயே போய்ப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டாய். அவரோ காரை நம் தெருப் பக்கமாக நிறுத்தியிருக்கிறார், வேறு வழியாக இறங்கி நேரே வந்துவிட்டார். நான் கல்லாவில் இருந்தேன். வாசலில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மூன்று வயசுக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கூட அவர் சம்சாரம். கம்பெனிப் பெயரைச் சொல்லி, "அது எங்கங்க இருக்கு? தெருவுல கேட்டா இங்கதான்னு கை காட்டறாங்க" என்று கேட்டார். ஃபோட்டோவில் பார்த்த முகம். "மாடில இருந்துச்சுங்க. போன வாரம்தான் காலி பண்ணிகினு போய்ட்டாங்க" என்றேன். அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நீ ஓடிவந்தாய். சட்டையெல்லாம் வேர்வை, திருநீறு, யாரோ காவடிக்காரர் மேலிருந்து ஒட்டிக்கொண்ட பூ. மூச்சு வாங்க, "சார், அப்படி ஒரு கம்பெனியே இல்ல சார்" என்றாய். அவர் உன்னையே பார்த்தார். "அப்ப ப்ரொஃபைல்ல போட்டது?" என்று கேட்டார்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் போட்டேன்."

"ஃபோன்ல பேசினாரே மேனேஜர்?"

"ஃப்ரெண்டு ஒருத்தன் சார். நான்தான் பேசச் சொன்னேன்."

அப்போது அவர் என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்டார். "அப்பாங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அதை இங்கே எழுத வேண்டும், எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. "படிக்கிற புள்ள, இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்லைங்க. மன்னிச்சிடுங்க" என்றேன். உன் தலையில் கையை வைத்து உன்னைக் குனியவைப்பது மாதிரி சொன்னேன். உள்ளே தடுப்புகளிலிருந்து நான்கைந்து பையன்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரவணனும் அதில் இருந்தான்.

பாஸ்கரன் சார் உன்னைத் திட்டவில்லை. "அனுபவம் இல்லன்னு ஒரு வரி எழுதியிருந்தாலும் உன்ன எடுத்துகினு இருப்பேன் தம்பி. நீ அனுப்புன ப்ரோக்ராமப் பாத்துட்டுத்தான் கேட்டேன்" என்றார். இத்தனை வருடம் சென்னையில் இருந்தும் அவர் வாயில் அரக்கோணத்துப் பேச்சு அப்படியே இருந்தது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அன்றைக்கே நீ அந்தப் ப்ரொஃபைலை அழித்தாய், இண்டர்வியூவுக்கும் போகவில்லை. கடைசி செமஸ்டருக்கு நீயும் ஒரு ரெடிமேட் ப்ராஜெக்டை வாங்கி அட்டை போட்டுக் கொடுத்தாய். அது மட்டும் செய்யமாட்டேன் என்று சொன்னவன் நீ.

படித்து முடித்தாய். அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த நேரம். இருக்கிறவர்களையே வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் நீ என்னோடு கடையில் இருந்தாய். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் நீதான். அந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாளாவது நீ அந்தப் பேச்சை எடுப்பாய் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை. சில சமயம் எடுத்துத் தொலைத்தால் தேவலை என்று இருக்கும். கடையில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கிற மத்தியானங்களில் ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. எழுந்து போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. அனுபவம் சேர்த்து அடிக்கச் சொல்லி யாராவது வந்தால், "அதெல்லாம் இங்க அடிக்கிறதில்ல" என்று நீ சொல்லி அனுப்பிவிடுவாய். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

நீ மறுபடி அந்தத் தளத்துக்குப் போனது எனக்கு வெகு நாள் தெரியாது. ஒருநாள் மெஷினைச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். உன் பெயர். திருத்தணியில் தடுக்கி விழுந்தால் ஒரு தணிகைவேல் மேல்தான் விழ வேண்டும், அதனால் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போட்டிருந்தாய். அதற்குக் கீழே, "திருத்தணியில் என் அப்பாவின் ப்ரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறேன்." நான் மதிப்பில்லை என்று சிரித்த அதே வேலை. கவுன்சலிங் சமயத்தில் சர்வர் நின்றுபோய்ப் பிள்ளைகள் அழுதபோது, யாருடைய விண்ணப்பமும் பாதியில் போய்விடாமல் நீ செய்த ஏற்பாட்டையும், தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த நகரிப் பக்கத்துப் பெண்களுக்குத் தமிழ் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும்போது எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் விவரமாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் பூனாவில் உன் இப்போதைய ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள் உனக்குக் கேள்வி கேட்டு எழுதினார். அவர் கேட்டார், நீ சொன்னாய். அப்படியே வேலையும் வந்தது.

இதில் நான் உனக்குப் புத்தி சொல்ல ஒன்றும் இல்லை. உனக்குக் கீழே நாளைக்கு மாணவர்கள் வருவார்கள், முகம் தெரியாமல் உனக்கு எழுதுவார்கள். ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறான் என்று தெரிந்தால், அவனைத் தள்ளுவதற்கு முன் அவன் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார். பெரியவர்கள் பழைய காகித உலகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை நெருக்குகிறோம். நாங்கள் அனுப்பியது திரும்பி வந்து கேட்காத காகிதம். உங்களுடையது கேட்கும், ஆடிக்கிருத்திகைக்கு மொட்டைக் குழந்தையோடு வாசலில் வந்தும் நிற்கும்.

நீ போன மறுநாள் நான் அந்தத் தளத்தில் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். தொழில் என்ற இடத்தில் டைப்பிஸ்ட் என்று போட்டேன். பாஸ்கரன் சாரைத் தேடி எழுதினேன். பரீட்சையில் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்தவன் நான். பத்து வரி எழுத ஒரு காலைப்பொழுது ஆனது. அந்த வரியை எழுதியதும் ஃபோனில் பேசியதும் நான், என் மகன் அதைத் திருத்தப் பார்த்தபோது தடுத்ததும் நான், உங்கள் எதிரே அவன் மேல் பழியைப் போட்டதும் நான் என்று எழுதினேன். நேற்று பதில் வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததை எனக்குப் புரிந்த மட்டில் தமிழில் சொல்கிறேன். "அன்றைக்கு ஃபோனில் உங்களிடம் பேசியது நான்தான். உங்கள் குரலை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். நீங்கள் அப்பா என்று சொன்னதும் எல்லாம் புரிந்துவிட்டது. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. நானும் தெரிந்ததைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். அது என் பக்கத்துத் தவறு. அவனிடம் சொல்லுங்கள்." சொல்லிவிட்டேன்.

சரவணனுக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன். "சரிங்க அங்கிள்" என்று வைத்துவிட்டான். உன் அம்மாவிடம் நேற்று மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஊரே அவனப் பாத்து சிரிச்சுதே, நீயும் கூடக் குந்திகினு கேட்டுகினு இருந்தியா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

உனக்குத்தான் என் மேல் கோபம் வரவே இல்லை, அந்த போர்டு விஷயத்தில் எதிர்த்துப் பேசியதோடு சரி. மூலை மெஷினில் அதைப் பார்த்த அன்றும் வரவில்லை, வாசலில் நான் அப்படிப் பேசியபோதும் வரவில்லை, ஸ்டேஷனில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றபோதும் வரவில்லை. மன்னித்துவிட்டாயா, வெறுத்துவிட்டாயா என்று தெரியாமல் நான் இந்தக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கலாம். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அப்புறம் அந்தப் பேச்சு முடிந்துபோகும். அதனால் வேறொன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் ஃபோன் செய். இன்னா நைனா என்று ஆரம்பிக்காதே. ஒரு தடவையாவது என்னைத் திட்டு.

உன் நைனா